பறந்த தகடும் துருப்பிடித்த ஸ்க்ரூவும்: ஒரு புயல் சேதக் கிளெய்மின் நிகழ்வு ஆய்வு

கட்டடம் ஒரு கிடங்கு. 36 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம். முகடு கிழக்கு மேற்காக ஓடுகிறது. 6 மீட்டருக்கு ஓர் இரும்பு டிரஸ், அதாவது கூரையைத் தாங்கும் சட்டகம்; 1.5 மீட்டருக்கு ஒரு பர்லின், அதாவது டிரஸ்களுக்குக் குறுக்கே ஓடித் தகட்டைத் தாங்கும் சட்டம்; அதன் மேல் அரை மில்லிமீட்டர் கனத்தில் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. கூரை போட்டு 17 வருடம். தெற்குப் பக்கத்தில் மேலே கான்கிரீட் தளம் போட்ட சின்ன அலுவலகம் ஒட்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மழைநீர் ஓடும் தகர வாய்க்கால். கிழக்குச் சுவரில் சரக்கு ஏற்றி இறக்கும் பெரிய ஷட்டர். கிழக்கு எல்லையில் 2 மீட்டர் உயரத்தில் செங்கல் சுற்றுச்சுவர்.

ஓர் இரவு புயல் கடந்தது. உரிமையாளர் கொடுத்த கிளெய்மில் இருந்தவை இவை: கூரை முழுவதும் மாற்ற வேண்டும், உள்ளே இருந்த அட்டைப்பெட்டிச் சரக்கு நனைந்துவிட்டது, ஷட்டர் வளைந்துவிட்டது, அலுவலகத் தளத்தின் அடியிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுந்துவிட்டது, அலுவலகச் சுவரில் விரிசல், சுற்றுச்சுவர் சாய்ந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனத்தின் முதல் குறிப்பு ஒரே வரிதான்: பழைய கூரை, பராமரிப்பு இல்லை, தேய்மானமே காரணம், நிராகரிக்கலாம். உரிமையாளரின் பதிலும் ஒரே வரி: முந்தின நாள் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சேதத்தைப் பார்த்துக் காரணத்தை எழுதிக் கொடுக்கும் சர்வேயராக இதை ஆய்வு செய்தவன் நான். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்துவிட்டு இந்தக் கிளெய்மை முழுமையாக எழுதுகிறேன். ஒரே இரவில், ஒரே கூரையின் கீழ் நடந்ததை இனம் பிரிப்பது எப்படி என்பதற்கு இதில் ஏறக்குறைய எல்லா வகை உதாரணமும் இருக்கிறது.

இரண்டு தரப்பும் சொன்னது முழுக் கட்டடத்தைப் பற்றி. அங்கேதான் கோளாறு. எந்தக் கட்டடமும் மொத்தமாகப் பழுதாவதில்லை. ஒரு ஸ்க்ரூவில், ஒரு மூலையில், ஒரு வாய்க்காலின் ஓரத்தில் பழுதாகிறது. பழைய கட்டடம் என்பதாலேயே புயல் அதைச் சேதப்படுத்தவில்லை என்று ஆகிவிடாது. புயல் வந்தது என்பதாலேயே அங்கே இருக்கும் எல்லாப் பழுதும் புயலின் கணக்கில் சேர்ந்துவிடாது. ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்லாத அறிக்கையை நான் அறிக்கையாகவே எண்ணுவதில்லை, அது யார் பக்கம் சாய்ந்திருந்தாலும் சரி.

பிரிட்டனில் நிதிச் சேவைப் புகார்களைத் தீர்க்கும் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மன் சர்வீஸ் இப்படிப்பட்ட வழக்குகளில் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்கும். சேதம் நேர்ந்ததாகச் சொல்லப்படும் நாளில் அந்த இடத்தில் புயல் வீசியதா? இந்தச் சேதம் புயல் வழக்கமாக உண்டாக்கும் சேதத்தோடு ஒத்துப்போகிறதா? சேதத்துக்கு முதன்மைக் காரணம் புயல்தானா? மூன்றில் எதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் கிளெய்ம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். எந்த நாட்டுப் பாலிசிக்கும் இந்த வரிசை பொருந்தும். நான் சேர்ப்பது ஒன்றே ஒன்று: இந்தக் கேள்விகளைக் கட்டடத்திடம் ஒரு தடவை கேட்டால் போதாது, ஒவ்வொரு சேதத்திடமும் கேட்க வேண்டும்.

காற்று எவ்வளவு, எந்தப் பக்கம்

முதல் கேள்விக்கு இங்கே சிக்கல் இல்லை. அருகிலிருந்த வானிலை நிலையத்தின் பதிவில் அன்றிரவு உச்ச வீச்சு மணிக்கு 108 கிலோமீட்டர். பிரிட்டன் காப்பீட்டாளர் சங்கத்தின் வரையறைப்படி வீச்சு 48 நாட், அதாவது மணிக்குச் சுமார் 89 கிலோமீட்டர் இருந்தாலே புயல். பல பாலிசிகளில் ‘புயல்’ என்ற சொல்லுக்கு எண் எதுவும் இருக்காது. அப்படிப்பட்டவற்றில் இந்த மாதிரி அளவுகோல் கைகொடுக்கும்.

பதிவைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். வானிலை நிலையத்தின் காற்றுமானி பொதுவாகத் திறந்தவெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருக்கும். கட்டடம் அதைவிடத் தாழ்வாக, மறைவாக இருக்கலாம். சராசரி வேகம் வேறு, சில நொடிகள் நீடிக்கும் வீச்சு வேறு; தகட்டைப் பிய்ப்பது வீச்சுதான். மூன்றாவது, திசை. வேகத்தை எல்லோரும் கேட்கிறார்கள், திசையைக் கேட்பவர்கள் குறைவு. அன்றிரவு காற்று வடகிழக்கில் தொடங்கி, கிழக்குக்கு மாறி, தென்கிழக்கில் முடிந்தது. ஒரு நேரத்திலும் மேற்கிலிருந்து வீசவில்லை. புயலின் கண் நேர்மேலே கடந்தால் காற்று திடீரென்று எதிர்த்திசைக்குத் திரும்பும். இங்கே அப்படி நடக்கவில்லை. இந்த ஒரு தகவல் சுற்றுச்சுவர் விஷயத்தில் பெரிதும் உதவியது.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. மணிக்கு 108 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 30 மீட்டர். அதன் இருமடியை 0.613 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்குச் சுமார் 552 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 56 கிலோ எடைக்குச் சமம். தகட்டின் சொந்த எடை சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோதான். ஆகவே கூரையைக் கீழே பிடித்து வைத்திருப்பது அதன் எடை அல்ல, ஸ்க்ரூக்கள். கூரை ஆய்வு என்றால் முதலில் ஸ்க்ரூ ஆய்வுதான்.

கூரை

கிழக்கு ஓரத்தில் முதல் இரண்டு டிரஸ் இடைவெளிகளில், முகட்டின் இரு பக்கமும் தகடுகள் போய்விட்டிருந்தன. மற்ற இடங்களில் தகடு அப்படியே இருந்தது. பறந்து விழுந்தவற்றை உரிமையாளர் பழைய இரும்புக்குப் போடாமல் ஓரமாக அடுக்கி வைத்திருந்தார். அது அவருக்கே எவ்வளவு பெரிய நன்மை என்று அப்போது அவருக்குத் தெரியாது. திறந்த பகுதியைத் தார்ப்பாயால் மூடியிருந்தார். மேலும் சேதமாகாமல் தடுப்பது காப்பீடு எடுத்தவரின் கடமை, அதையும் செய்திருந்தார். மூடுவதற்கு முன் கைப்பேசியில் படமும் எடுத்து வைத்திருந்தார்.

அந்தத் தகடுகளைத் தரையில் விரித்து, துளைகளின் இடைவெளியையும் ஓர மடிப்பையும் வைத்து எது எங்கே இருந்தது என்று மறுபடி கோத்தோம். பொறுமை வேண்டிய வேலை. ஆனால் முடிந்ததும் கூரையே தரையில் இறங்கி வந்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒவ்வொரு துளையாகக் குனிந்து பார்க்க முடிந்தது.

வடக்குச் சரிவின் துளைகள் ஒரு கதை சொன்னன. துளை வட்டமாக இல்லை; மேல்நோக்கி இழுபட்டு நீள்வட்டமாகி, ஓரத்தில் கிழிந்திருந்தது. கிழிந்த விளிம்பு பளபளவென்று வெள்ளையாக இருந்தது. அதன் மேல் பூசினாற்போல லேசான ஆரஞ்சுத் தூள் மட்டும். வெறும் இரும்பு ஈரத்தில் சில நாட்களிலேயே அப்படிப் பூக்கும். ஒரு வாரத்துக்குள் பார்த்ததால் அது தெரிந்தது; ஒரு மாதம் போயிருந்தால் அந்த வித்தியாசத்தைச் சொல்வது கடினம். பர்லினில் ஸ்க்ரூக்கள் நின்ற இடத்திலேயே நின்றன, தலையோடும் வாஷரோடும். தகடு ஸ்க்ரூவின் தலையைத் தாண்டிக் கிழிந்து மேலே போயிருக்கிறது. இது விசையால் வந்த முறிவு. துருவுக்கு இதில் வேலையே இல்லை.

சில துளைகளைச் சுற்றி நட்சத்திரம் போல நுண்விரிசல்கள். காற்று ஒரே தடவை இழுப்பதில்லை. மணிக்கணக்கில் இழுத்து விடுகிறது. ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள மெல்லிய உலோகம் மடிந்து மடிந்து களைத்து வெடிக்கிறது. 1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை டிரேசி புயல் அழித்தபோதுதான் இந்தக் களைப்பு முறிவின் முழு வீச்சு பொறியாளர்களுக்குப் புரிந்தது. காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டர் வரை பதிவுசெய்து செயலிழந்த புயல் அது. அதன் பிறகே அங்கே கூரைத் தகடுகளைத் திரும்பத் திரும்ப இழுத்துச் சோதிக்கும் முறை விதியானது. விரிசல் புதிதா பழையதா என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் விரிசலின் உள்ளே பாருங்கள். பெயின்ட்டோ, கெட்டித்த அழுக்கோ, கறுத்த துருவோ உள்ளே இறங்கியிருந்தால் விரிசல் பழையது. இங்கே சுத்தமாக இருந்தது.

தெற்குச் சரிவு வேறு மாதிரி. வாய்க்காலை ஒட்டிய கடைசி வரிசையில் ஸ்க்ரூக்கள் பர்லினோடு இல்லை. தகட்டோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தன. மரையின் பற்களுக்கு நடுவில் பழுப்புத் தூள். பர்லினின் அடி விளிம்பைச் சுத்தியால் லேசாகத் தட்டினால் அடுக்கடுக்காகச் செதில் உதிர்ந்தது. இது பல வருடத் துரு. காப்பீட்டு நிறுவனத்தின் பொறியாளர் இதைப் பார்த்ததும், “பாருங்க சார், நான் சொன்னேன்ல” என்றார். அவர் கண்ணில் பட்டது உண்மைதான். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏன் என்றால், வாய்க்கால் ஓரத் துரு கிழக்கு முனையோடு நிற்கவில்லை. அது 36 மீட்டரும் ஓடியது. மேற்குப் பகுதியில் அதே துரு, அதே தளர்ந்த ஸ்க்ரூ, தகடு அசையவில்லை. வடக்குச் சரிவின் கிழக்கு முனையில் ஸ்க்ரூக்கள் நன்றாக இருந்தன; தகடு போய்விட்டது. துரு இருந்த இடமெல்லாம் பறக்கவில்லை. பறந்த இடமெல்லாம் துரு இல்லை. பறந்த இடங்களுக்குப் பொதுவாக இருந்தது வேறு: காற்று மோதிய விளிம்பு, அதோடு ஷட்டர்.

ஷட்டர் உள்நோக்கி வளைந்து, ஓரத்திலுள்ள தண்டவாளத்திலிருந்து கழன்றிருந்தது. காற்று மோதும் பக்கத்தில் பெரிய திறப்பு ஏற்பட்டால் கிடங்கின் உள்ளே அழுத்தம் ஏறிக் கூரையைக் கீழிருந்து தள்ளும்; அதே நேரம் மேலே விளிம்பிலும் மூலையிலும் உறிஞ்சுவிசை கூரையின் நடுப்பகுதியைவிடப் பல மடங்கு. இரண்டும் ஒரே திசையில் கூடும். மூலையில் இரண்டையும் சேர்த்துத் தோராயமாக அடிப்படை அழுத்தத்தின் இரண்டரை மடங்கு வைத்தால் சதுர மீட்டருக்கு 140 கிலோ. ஒரு ஸ்க்ரூ 0.6 சதுர மீட்டரைத் தாங்கியது. ஆக ஒன்றுக்குச் சுமார் 84 கிலோ, அதுவும் மணிக்கணக்கில் விட்டு விட்டு. ஒரு வரிசை கைவிட்டால் அடுத்த வரிசையின் சுமை ஏறக்குறைய இரட்டிக்கும். அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கழல்வதைத் தடுக்க எதுவும் இல்லை.

ஷட்டர் முதலில் போனதா, கூரையா? காவலாளியிடம் கேட்டேன். அவருடைய சொல்லை வழிநடத்திவிடக் கூடாது என்பதால் “என்ன நடந்தது” என்று மட்டும்தான் கேட்டேன். “பெருசா டமார்னு ஒரு சத்தம் சார், ஷட்டர்தான். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மேல படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது” என்றார். ஷட்டரின் நடுவில் வெளியிலிருந்து பட்ட அடியின் தழும்போ, வண்டி இடித்த பெயின்ட் தடமோ இல்லை. அகலம் முழுக்க ஒரே சீராக உள்ளே குழிந்திருந்தது. காற்றழுத்தத்தின் வடிவம் அதுதான். சாட்சி சொன்ன வரிசையும் உலோகம் சொன்ன வரிசையும் பொருந்தின.

விளிம்பில் ஸ்க்ரூக்களை இன்னும் நெருக்கமாக அடித்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. நடுவில் அடித்த அதே இடைவெளியில்தான் ஓரத்திலும் அடித்திருந்தார்கள். கட்டுமானக் குறைபாட்டை விலக்கும் பாலிசிகள் உண்டு. இந்தப் பாலிசியில் அந்த விலக்கு இல்லை. இல்லாத விலக்கை அறிக்கைக்குள் கொண்டுவர சர்வேயருக்கு உரிமையும் இல்லை.

ஆக, கிழக்கு முனையில் பறந்த தகடுகளும் ஷட்டரும் புயல் சேதம். தெற்கு ஓரத் துரு அங்கே புயலின் வேலையை எளிதாக்கியிருக்கலாம். அதற்கான இடம் தேய்மானக் கழிவு, அதாவது பழமைக்காக இழப்பீட்டுத் தொகையில் கழிப்பது; நிராகரிப்பு அல்ல. 17 வருடப் பொருளுக்கு எவ்வளவு மதிப்பு என்பது தொகையைப் பற்றிய கேள்வி. என்ன காரணத்தால் போனது என்பது பொறுப்பைப் பற்றிய கேள்வி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்படும் நிராகரிப்புக் கடிதங்கள் ஏராளம். ஒரு குடும்பத்தின் பிழைப்பை அது நிறுத்திவிடும் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதே நியாயம் மறுபக்கமும் பொருந்தும். துருப்பிடித்த வாய்க்கால் ஓரப் பர்லினை மாற்றும் செலவு காப்பீட்டின் கணக்கில் வராது. அது புயல் வராவிட்டாலும் மாற்ற வேண்டியது. மேற்குப் பகுதித் தகடுகளில் இருந்த குழிகளைப் பறந்து வந்த பொருட்கள் விழுந்த தடம் என்று கிளெய்மில் எழுதியிருந்தார்கள். அவை பர்லின்களுக்கு நடுவில், ஒரு கால் எட்டு வைக்கும் இடைவெளியில், வரிசையாக இருந்தன. கூரை மேல் நடந்தவர்களின் கால் பட்ட குழிகள். அடிபட்ட கீறலோ ஒட்டிய நிறமோ எதிலும் இல்லை.

நனைந்த சரக்கு

காப்பீட்டில் மழைநீர்ச் சேதத்துக்குப் பல பாலிசிகள் ஒரு நிபந்தனை வைக்கும்: புயல் முதலில் கூரையிலோ சுவரிலோ ஒரு திறப்பை உண்டாக்கியிருக்க வேண்டும், அந்தத் திறப்பு வழியாகத் தண்ணீர் வந்திருக்க வேண்டும். இந்தப் பாலிசியிலும் அப்படித்தான். ஆகவே ‘நனைந்தது’ என்பது போதாது. எந்த வழியாக நனைந்தது என்று பிரிக்க வேண்டும். அட்டைப்பெட்டி இதற்கு நல்ல சாட்சி.

கிழக்கு முனையில் இருந்த அடுக்குகளில் மேல்பெட்டி ஊறிக் குழைந்திருந்தது, கீழே போகப் போக ஈரம் குறைந்தது. மேலே திறந்த கூரை. சந்தேகமே இல்லை. ஷட்டருக்கு நேர் எதிரே இருந்தவற்றில் ஷட்டரைப் பார்த்த முகம் மட்டும் நனைந்திருந்தது. உள்ளே தள்ளிப் போகப் போக ஈரமில்லை. காற்றோடு அடித்த மழை. ஒருவேளை எல்லா அடுக்கிலும் ஒரே உயரத்தில் நேர்கோடாக ஈரம் நின்றிருந்தால் அது தேங்கிய நீர், வெள்ளம். வெள்ளம் வேறு ஆபத்து, சில இடங்களில் வேறு பாலிசி. 2005 இல் கத்ரினா புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் வளைகுடாக் கரையில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இந்த ஒரு கேள்விதான் நீதிமன்றம் வரை போனது: வீட்டை அழித்தது காற்றா, நீரா? காற்று ஒரு பாலிசியில், வெள்ளம் இன்னொன்றில். அடித்தளம் மட்டும் மிச்சமிருந்த வீடுகளில் அதைச் சொல்ல ஆதாரமே இல்லை. நம் கிடங்கில் அந்தக் கோடு இல்லை, தரையில் சேறும் இல்லை.

சிக்கல் தெற்குச் சுவரோரம் இருந்த அடுக்குகளில். அங்கே மேலே கூரை முழுசாக இருக்கிறது. ஆனாலும் பெட்டிகள் நனைந்து, பழுப்பு நிறத்தில் வழிந்த கோடுகள். தண்ணீர் வாய்க்காலிலிருந்து உள்பக்கமாக வழிந்திருக்கிறது. உரிமையாளர் சொன்னது: புயலில் இலை வந்து அடைத்துக்கொண்டது. நியாயமான விளக்கம்தான், அதனால் ஏணி போட்டு ஏறிப் பார்த்தோம். மேலே பச்சை இலைகள், சிறு கிளைகள். அவை அன்றிரவு வந்தவையே. அவற்றை விலக்கினால் அடியில் இறங்கு குழாயின் வாய்வரை கறுத்த வண்டல், அதில் ஒரு அரசங்கன்று. அதன் தண்டு தடித்துக் கெட்டியாகியிருந்தது. வேர் குழாய்க்குள் இறங்கிப் பின்னியிருந்தது. அந்த வேர் ஓர் இரவில் வளர்ந்ததல்ல. கீழே சுவரில் ஒன்றுக்குள் ஒன்றாக வளைய வளையமாகக் கறை. ஒவ்வொரு தடவை நனைந்து உலரும்போதும் ஒரு வளையம் விழும். உப்பும் பூத்திருந்தது. ஒரே மழையில் இவை வராது.

இங்கே எல்லோரும் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். பூஞ்சணம் இருக்கிறதே, அதனால் பழைய ஒழுக்கு என்று எழுதிவிடுகிறார்கள். ஈரமான அட்டையிலும் மரத்திலும் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சணம் தொடங்கிவிடும். அது மட்டும் எதையும் நிரூபிக்காது. ஈரமானியும் அப்படித்தான்: உப்பு ஏறிய சுவரில் காய்ந்த பிறகும் அதிக ஈரம் காட்டும். வெப்பப் படக் கருவி தண்ணீரைப் பார்ப்பதில்லை, மேற்பரப்பின் வெப்பநிலை வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. கருவி சொல்வதைக் கண்ணால் பார்த்ததோடு பொருத்தாமல் அறிக்கையில் ஏற்றக் கூடாது. தெற்குச் சுவரில் என் முடிவு வேரையும் வளையங்களையும் உப்பையும் வைத்து எடுத்தது. அந்த அடுக்குகளை விலக்கினேன். கிழக்கு முனைச் சரக்கையும் ஷட்டருக்கு எதிரே இருந்ததையும் ஏற்றேன்.

அலுவலகத் தளம்

கான்கிரீட் துண்டு அன்றிரவுதான் விழுந்தது. மேசை மேல் விழுந்த படம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. உரிமையாளரின் மிகப் பலமான வாதம் இதுதான்: புயலன்று விழுந்தது, ஆகவே புயலால் விழுந்தது.

விழுந்த துண்டின் உள்முகத்தைத் திருப்பிப் பார்த்தால் கம்பி பதிந்திருந்த பள்ளம் முழுக்கக் கரும்பழுப்பு. மேலே தெரிந்த கம்பி செதில் செதிலாகப் பெருத்துப்போயிருந்தது. இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு பல மடங்காகும். அந்த வீக்கம் கான்கிரீட்டை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். வருடக்கணக்கில் நடப்பது. பக்கத்திலேயே இன்னும் விழாத பகுதியைத் தட்டினால் பொள்ளென்று வெற்றுச் சத்தம். காற்றின் அதிர்வோ ஈரமோ கடைசித் தள்ளு தள்ளியிருக்கலாம். ஆனால் கடைசியாக நடந்தது காரணமாகிவிடாது.

காப்பீட்டுச் சட்டத்தில் இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. முதல் உலகப் போரில், 1915 இல், இகாரியா என்ற கப்பலை டார்பிடோ தாக்கியது. இழுத்துக்கொண்டு போய் பிரான்சின் லே ஆவ்ர் துறைமுகத்தில் கட்டினார்கள். புயற்காற்று எழுந்தது; கப்பல் கரைச்சுவரில் மோதத் தொடங்கியது. அங்கேயே மூழ்கிவிடும் என்று பயந்து வெளிப்புற அலைத்தடுப்புக்கு மாற்றச் சொன்னார்கள். அங்கே அலை இறங்கும்போதெல்லாம் தரைதட்டி, கடைசியில் மூழ்கியது. போர்ச் செயலைப் பாலிசி விலக்கியிருந்தது. கடல் ஆபத்தை ஏற்றிருந்தது. 1918 இல், அன்று அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரிட்டன் பிரபுக்கள் சபை, டார்பிடோதான் காரணம் என்று தீர்ப்பளித்தது. நேரத்தில் அருகில் இருப்பதல்ல, விளைவை உண்டாக்கும் வலுவில் அருகில் இருப்பதே காரணம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

உரிமையாளரிடம் இதை விளக்கியபோது அவர் வருத்தப்பட்டார். ஆனால் அதே கோட்பாடுதான் கூரையில் அவரைக் காப்பாற்றியது என்பதையும் சொன்னேன். அலுவலகத் தளத்தில் புயல் கடைசியாக வந்து சேர்ந்தது; வேலையைத் துரு முடித்திருந்தது. கூரையில் துரு முன்னாலேயே இருந்தது. வேலையைப் புயல் செய்தது. முன்னதோ பின்னதோ என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

அலுவலகச் சுவர் விரிசலில் அதிக நேரம் செலவிடவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல இறங்கியது, மேலே அகலம், கீழே ஒடுக்கம். அடித்தளம் அமிழ்ந்ததன் வடிவம். விளிம்புகள் மழுங்கியிருந்தன, உள்ளே ஒட்டடை, ஓரிடத்தில் சுவருக்கு அடித்த பெயின்ட் உள்ளே இறங்கியிருந்தது. விலக்கு.

சுற்றுச்சுவர்

எதிர்பாராமல் அதிக யோசனை கேட்டது இதுதான். காற்று கிழக்கிலிருந்து. சுவர் கிழக்கு எல்லையில். விழுந்ததும் கிழக்கு நோக்கி, அதாவது காற்றை எதிர்த்து. தனித்து நிற்கும் சுவரை எதிர்க்காற்று தன் பக்கம் இழுத்து விழவைக்காது. மேற்குக் காற்று அன்றிரவு இல்லவே இல்லை என்பதைப் பதிவு காட்டிவிட்டது. ஆக, தள்ளியது உள்ளிருந்து.

உள்பக்கம் வளாகத்தை மேடாக்க மண் கொட்டியிருந்தார்கள், சுவரை ஒட்டி ஒரு மீட்டர் உயரத்துக்கு. நீர் வடியத் துளை எதுவும் இல்லை. 23 சென்டிமீட்டர் கனச் செங்கல் சுவர் மண்ணைத் தாங்கக் கட்டப்பட்டதல்ல. கணக்கு எளிது: ஒரு மீட்டர் நீளச் சுவர் தன் எடையால் கவிழாமல் நிற்கக் கூடியது ஏறத்தாழ 1 கிலோநியூட்டன் மீட்டர் வரைக்கும் (கவிழ்க்கும் திருப்புவிசையை அளக்கும் அலகு இது). காய்ந்த மண்ணே அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். மண்ணில் நீர் நிரம்பினால் நீரின் அழுத்தம் மட்டுமே 1.6. முந்தைய வருடம் எடுத்த ஒரு படத்தில் சுவர் ஏற்கெனவே வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது.

அப்படியானால் விலக்கா? அவ்வளவு சுலபமாக இல்லை. மண்ணை நிரப்பிய மழை புயலின் மழை. பாலிசியில் புயலோடு பெருமழையும் ஏற்கப்பட்ட ஆபத்தாக இருந்தால் ஒரு முடிவு. காற்று மட்டும் என்றால் வேறு முடிவு. விலக்கப்பட்ட காரணம் எந்த வகையில் சேர்ந்திருந்தாலும் முழுச் சேதத்தையும் விலக்கும் கூட்டுக்காரண விதி இருந்தால் இன்னொரு முடிவு. இந்தப் பாலிசியில் நிலப்பெயர்ச்சியும் மண் அழுத்தமும் வெளிப்படையாக விலக்கப்பட்டிருந்தன. எப்படி விழுந்தது என்பதை வரைபடத்தோடு எழுதினேன். அந்த வாசகம் இங்கே பொருந்துமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்தின் முடிவுக்கு விட்டேன், உரிமையாளருக்கும் அதன் நகலைக் கொடுக்கச் சொன்னேன். அவர்கள் விலக்கினார்கள். பட்டியலிட்ட ஆபத்துகளுக்கான பாலிசியில் சேதம் அந்த ஆபத்தால் வந்தது என்று காட்டுவது காப்பீடு எடுத்தவரின் பொறுப்பு. விலக்கு பொருந்துகிறது என்று காட்டுவது நிறுவனத்தின் பொறுப்பு. சுவர் விஷயத்தில் படம், மண், திசை மூன்றும் நிறுவனத்தின் பக்கம் நின்றன.

மிச்சமிருந்த தகடுகள்

கடைசி வரை இழுபறியானது, பறக்காமல் நின்ற தகடுகள். முழுக் கூரையும் மாற்ற வேண்டும் என்றார் உரிமையாளர். பறந்தது மட்டும் போதும் என்றது நிறுவனம். கீழே நின்று பார்த்தால் நிறுவனம் சொன்னது சரிதான். மூன்றாவது, நான்காவது இடைவெளித் தகடுகள் நன்றாகவே இருந்தன. மேலே ஏறி வாஷரை விலக்கிப் பார்த்தபோது மூன்றாவது இடைவெளியில் துளைகள் நீண்டு, விளிம்பு வெள்ளையாக இருந்தது. சிலவற்றில் அதே நட்சத்திர விரிசல். நான்காவதிலிருந்து மேற்கே துளைகள் வட்டமாக, வாஷரின் அடியில் அழுக்கு வளையம் கலையாமல் இருந்தது. அந்த வளையம் கலையாமலிருந்தால் தகடு அந்த இடத்தில் அசையவில்லை என்று பொருள்.

மூன்றாவது இடைவெளி அடுத்த பலத்த காற்றில் போய்விடும், அப்போது அதைப் ‘பழைய சேதம்’ என்று சொல்வார்கள். எனவே ஒவ்வோர் இடைவெளியிலும் சில ஸ்க்ரூக்களில் இழுவைச் சோதனை செய்யக் கேட்டேன், இரு தரப்பும் பார்த்துக்கொண்டிருக்க. மூன்றாவதில் தகடு குறைந்த விசையிலேயே ஸ்க்ரூத் தலையைத் தாண்டிக் கிழிந்தது. மேற்கே அப்படி ஆகவில்லை. வாய்க்கால் ஓர வரிசையில் மட்டும் ஸ்க்ரூ துருத்தூளோடு பிடுங்கிக்கொண்டு வந்தது, அது ஏற்கெனவே விலக்கிய துரு. மூன்றாவது இடைவெளித் தகடுகளை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. மேற்குப் பாதிக்கான கோரிக்கையை உரிமையாளர் கைவிட்டார். வாய்க்கால் ஓரப் பர்லினைத் தன் செலவில் மாற்றிய பிறகுதான் புதுத் தகடு ஏற்றினார், விளிம்பில் ஸ்க்ரூவின் இடைவெளியைப் பாதியாக்கி.